எந்த ஊர் ஒன்று இருபது?

நான் வேலையை விட்டுப் போகும் முன் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று, என் இடத்துக்கு வரப்போகும் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். இதோ நாலு வார்த்தை: நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். வேறு வேலை இருந்தால் இதோடு மூடி வைத்துவிடலாம். இல்லையென்றால், எதைச் செய்தேன் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில் நியூவார்க்குக்குப் பக்கத்து எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு புடவைக் கடைக்கும் ஒரு சமோசாக் கடைக்கும் நடுவில் இருக்கும் இந்த டிராவல் ஏஜென்சியில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் போட்டிருக்கிறேன். இப்போது எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, டிக்கெட்டை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் ஃபோனில் கேட்க முடியாத கேள்வி இருப்பவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே: எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவுக்கு வந்த பிறகு நம்மவர்களுக்குத் தூரம் என்பதே நேரமாகிவிட்டது. கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாற்பது நிமிஷம் என்போம். மைல் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், அதுதான் என் கர்வம். எந்த இரண்டு ஏர்போர்ட்டைச் சொன்னாலும் இடையில் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று ஸ்கிரீனைப் பார்க்காமல் சொல்வேன். நியூவார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபத்தைந்து மைல் என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு நாள் கூடச் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராதவர் ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறார் என்பாள் என் மனைவி. அவளுக்கு என் மேதைமை புரியவில்லை என்று அப்போது நினைத்தேன்.

இந்தக் கதையில் ஒரு அங்கிள் வருகிறார். எனக்கே அறுபது ஆகப் போகிறது, ஆனாலும் அவர் எனக்கு அங்கிள்தான். பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். முன்பு எடிசனில் நம் கடைக்குப் பின் தெருவில் இருந்தார். ஓய்வு பெற்றதும் குளிர் தாங்காமல், டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்கு ஆன்ட்டியோடு குடிபோய்விட்டார். ஊர் மாறினாலும் டிக்கெட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார். பெண் கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கிறாள். வருஷத்துக்கு மூன்று முறையாவது ஹூஸ்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய் வருவார்.

முதல் முறை அவர் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது, நாலேகால் மணி நேரம், போகவும் அதேதான், வரவும் அதேதான் என்று அடித்துச் சொன்னேன். திரும்பி வந்து இறங்கியதும் ஃபோன் வந்தது.

"தம்பி, போறப்ப நாலு மணி இருபத்தஞ்சு நிமிஷம். வர்றப்ப மூணு மணி நாப்பது நிமிஷம். நடுவுல தூரம் சுருங்கிடுச்சா?"

பைலட் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருப்பார் என்றேன். அவர் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றைப் பற்றி அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மேற்கே போகிற விமானம் காற்றை எதிர்த்துப் போகிறது, கிழக்கே வருகிறதைக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. டிக்கெட் விற்றுப் பிழைக்கிற எனக்கு அன்றுதான் அது தெரிந்தது. மறுநாளே இன்னொரு கஸ்டமரிடம் அதே பாடத்தை என் சொந்தக் கண்டுபிடிப்பு போல எடுத்தேன்.

அன்றிலிருந்து அங்கிள் எங்கே இறங்கினாலும், விமானத்தின் கதவு திறக்கும் முன்பே என்னைக் கூப்பிடுவார். நான் சொன்ன நேரம் என்ன, உண்மையில் ஆன நேரம் என்ன என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார். நாலைந்து முறை கேட்டேன். அப்புறம் அவர் இறங்குகிற நேரம் பார்த்து ஃபோனை மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவேன்.

அடுத்து முதலாளியம்மா. குஜராத்திக்காரர், அதிகம் பேச மாட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு தாள் எழுதச் சொல்வார். பெயர், தேதி, எங்கிருந்து எங்கே, கடைசிக் கட்டத்தில் எதற்காக. அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு வேண்டாத வேலை. ஒருவர் எதற்காகப் போனால் நமக்கென்ன, விமானம் அதே நேரத்துக்குத்தானே கிளம்பப் போகிறது? எல்லாத் தாளிலும் 'ஃபேமிலி' என்று எழுதிவிடுவேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கிளின் பக்கத்து வீட்டில் சுமதி என்று ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி. ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அங்கிள் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள். டிசம்பர் மாதம், எங்கேயும் சீட் இல்லாத சமயம். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கோயம்புத்தூரில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். தேடித் தேடி, புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஹூஸ்டனில் ஏறி, வளைகுடாவில் மாறி, வெள்ளி அதிகாலை நாலு மணிக்குக் கோயம்புத்தூரில் இறங்குகிற மாதிரி ஒரு டிக்கெட் பிடித்தேன். வாசலுக்கு வாசல் இருபத்தெட்டு மணி நேரம் என்று பெருமையாகச் சொன்னேன். எதற்காக என்ற கட்டத்தில் 'ஃபேமிலி' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி, அந்த இரண்டு நாளும் கிளம்பக் கூடாது என்று ஊரில் அம்மா அழுகிறாராம். வேறு நாள் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

"கோயம்புத்தூர் அஷ்டமியா, பேர்லேண்ட் அஷ்டமியாம்மா? ரெண்டுக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம் இருக்கே" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கஸ்டமர் சிரிக்கவில்லை என்றால் ஜோக் அவருக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். திங்கட்கிழமை எல்லா விமானமும் நிரம்பியிருந்தது. வியாழக்கிழமை இரண்டு சீட் இருந்தது, ஆனால் அது சனிக்கிழமைதான் கோயம்புத்தூர் போகும். அது வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டாள். அம்மாவையும் விட முடியவில்லை, புதன்கிழமையையும் விட முடியவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பரஸ்தானம் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாள் சரியில்லாதபோது, அதற்கு முன்பு வரும் நல்ல நாளில் பயணப் பை ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது, போகிற வழியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். திங்கட்கிழமை சப்தமி, அன்றைக்கு அங்கிள் வீட்டில் ஒரு பையை வைத்துவிடு என்றேன். அம்மாவும் சம்மதித்துவிட்டார் என்று அவள் நிம்மதியாகச் சொன்னாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஊரில் ஒரு துண்டையும் சீப்பையும் பையில் போட்டு வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை.

"துண்டு எதுக்கும்மா? பாஸ்போர்ட்டையே வச்சுடு. இந்த ஊர்ல பிரயாணம் பண்றது நாம இல்ல, பாஸ்போர்ட்தான். அது சப்தமியிலயே கிளம்பிடட்டும்."

இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அன்று முழுக்க எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மனைவியிடமும் சொன்னேன். சாஸ்திரத்தையும் இமிகிரேஷனையும் ஒரே பைக்குள் போட்டவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சுமதி நல்ல பெண், சொன்னதைச் செய்தாள். திங்கட்கிழமை மாலை பாஸ்போர்ட்டையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் ஒரு தோள்பையில் போட்டு அங்கிள் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிள் என்னைக் கூப்பிட்டார். பிளசன்டனில் பெண்ணுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது, மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார், உடனே கிளம்ப வேண்டும். பதினோரு மணிக்கு ஹூஸ்டனில் கிளம்பி ஒன்று இருபதுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கும் விமானத்தில் இரண்டு சீட் இருந்தது. ஒரு காதில் ஃபோன், ஒரு கையில் கீபோர்டு, இன்னொரு கையில் பேனா. அவர் பதற்றத்தில் என்னென்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வழக்கம்போல எண்களை மட்டும் மஞ்சள் பேடில் குறித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் ம், சரி அங்கிள், ஆகட்டும் அங்கிள் என்றேன். ஜன்னலா, நடைபாதை ஓரமா என்று கேட்டேன். ஐந்தே நிமிஷத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு சுமதி கூப்பிட்டாள். பையை எடுக்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது, அங்கிள் ஃபோன் ஆஃப், ஆன்ட்டி ஃபோன் ஆஃப், பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது.

பாஸ்போர்ட்டை உள்ளே வைக்கச் சொன்னவன் நான். வீட்டுக்காரரை வானத்தில் ஏற்றி அனுப்பியவனும் நான். ஆனால் பயத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தேன், இறங்கும் நேரம் ஒன்று இருபது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஒன்று. இன்னும் இருபது நிமிஷத்தில் இறங்கிவிடுவார், கவலைப்படாதே, கராஜ் கதவைத் திறக்கிற கோட் நம்பரைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். பக்கத்து வீடுதானே, நீ போய்ச் சாப்பிடு என்று கூடச் சொன்னேன்.

ஒன்று இருபதுக்கு அடித்தேன். ஆஃப். ஒன்று முப்பது, ஒன்று நாற்பது. பிளசன்டன் மாப்பிள்ளைக்கும் அடித்தேன், அவர் பிரசவ அறைக்குள் இருந்திருப்பார், எடுக்கவில்லை. இறங்கி முக்கால் மணி நேரமாகியும் ஃபோனைத் திறக்காத அங்கிள் மேல் எனக்குக் கோபம் வந்தது. தேவையில்லாதபோதெல்லாம் கதவு திறக்கும் முன் கூப்பிடுகிற மனிதர் இன்றைக்குப் பார்த்து எங்கே போனார் என்று வாய்விட்டே திட்டினேன்.

இரண்டேகாலுக்கு சுமதியின் கணவர் லைனில் வந்தார். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடட்டுமா என்று கேட்டார். கையில் கல்லோடு நிற்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. டெக்சாஸில் பூட்டின வீட்டு ஜன்னலைப் பட்டப்பகலில் உடைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அலாரம் கத்தும், போலீஸ் வரும், அதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரர் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வருவார். வேண்டாம் என்றேன். அங்கிள் ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும், இனி ராத்திரிக்குத்தான் கிடைப்பார் என்று முடிவு கட்டினேன். கஷ்டமான நேரத்தில் சட்டென்று முடிவெடுப்பதுதான் அனுபவம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

"சுமதி, வியாழக்கிழமை சீட்டை ஹோல்ட் பண்ணிட்டேன். சனிக்கிழமை காலைல போய்ச் சேர்ந்துடலாம். ஒரு நாள்தானேம்மா லேட்டு. இதை கேன்சல் பண்ணி அதை கன்ஃபர்ம் பண்ணிடட்டுமா?"

அவள் மெதுவாகப் பேசினாள்.

"அண்ணா, சனிக்கிழமை போய் நான் என்ன பண்றது? வெள்ளிக்கிழமை காலைல எனக்கும் தம்பிக்கும் மேட்ச் பாக்கற டெஸ்ட். அந்த ரிசல்ட்ட வச்சுத்தான் திங்கக்கிழமை ஆபரேஷனுக்கு அனுமதி குடுக்கற கமிட்டி. அவனுக்கு நான் கிட்னி குடுக்கறேங்ண்ணா. இந்த கமிட்டி விட்டுச்சுன்னா அடுத்தது ஒரு மாசம் கழிச்சு. அது வரைக்கும் தாங்குவானான்னு கேட்டா டாக்டர் பதிலே சொல்ல மாட்டேங்கறாரு."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அஷ்டமின்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. பரவால்லீங்ண்ணா. ஒரு புள்ள அங்க படுத்திருக்கு, இன்னொரு புள்ளையும் கத்திக்கு வருது. எங்கம்மா வேற எதைப் புடிச்சுக்கும்?"

இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மேசையில் அவளுடைய தாள் இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'ஃபேமிலி' என்று என் கையெழுத்து அழகாக இருந்தது.

முதலாளியம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். ஒன்று இருபதுக்கே இறங்கிவிட்டார், ஒரு மணி நேரமாக ஃபோனை எடுக்கவில்லை என்றேன். அவர் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார். பேடைப் பார்த்தார். அதன் ஓரத்தில் கிறுக்கியிருந்த நாலு இலக்கத்தைக் காட்டி, இது என்ன என்றார். விமான எண் என்றேன். பிறகு அவர் ஸ்கிரீனில் விரலை வைத்து, இது எந்த ஊர் ஒன்று இருபது என்று கேட்டார்.

நம் கடைச் சுவரில் அப்போது இருந்த மூன்று கடிகாரம் உங்களுக்குத் தெரியாது. நடுவில் எடிசன். இடது பக்கம் சென்னை, வலது பக்கம் மும்பை. இரண்டும் எப்போதும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். தமிழ்க் கஸ்டமருக்கு ஒன்று, குஜராத்திக் கஸ்டமருக்கு ஒன்று என்று மாட்டியது நான்தான். கலிஃபோர்னியாவுக்குக் கடிகாரம் இல்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் எந்த நேரமும் அந்தந்த ஊர் நேரம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒன்று இருபது என்றால் எடிசனில் நாலு இருபது. இதை வாரத்துக்கு இரண்டு பேருக்காவது விளக்கிச் சொல்பவன் நான். சிலருக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அங்கிள் இறங்கவே இல்லை. ஒரு மணி நேரமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனிதர், அந்த நிமிஷம் எதிர்க்காற்றில் எங்கோ பாலைவனத்துக்கு மேலே சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். விமானத்தில் வைஃபை உண்டு, ஆனால் அங்கிளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

உடனே கணக்குப் போட்டோம், இந்த முறை முதலாளியம்மா ஊர் பெயரையும் சேர்த்து எழுத வைத்தார். அங்கிள் இறங்குவது ஹூஸ்டன் நேரம் மூன்று இருபது. செக்-இன் மூடுவது ஐந்தரை. பேர்லேண்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு, ஊரைக் குறுக்கே தாண்டிப் போக, அந்த நேர டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம், காரை விட்டுக் கவுன்டருக்குப் போக இருபது நிமிஷம். மூன்று நாற்பது வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட முடியாது.

சுமதியைக் கூப்பிட்டு நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பெட்டிகளைக் காரில் ஏற்றி, காரை அங்கிள் வீட்டு கராஜ் வாசலில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருக்கச் சொன்னேன். மூன்று நாற்பது வரை என் ஃபோன் வராவிட்டால் கண்ணாடியை உடைத்துவிடுங்கள், அங்கிளிடமும் போலீஸிடமும் நான் பேசிக்கொள்கிறேன் என்று அவள் கணவரிடம் சொன்னேன். எடிசனில் உட்கார்ந்துகொண்டு பேர்லேண்ட் போலீஸிடம் எப்படிப் பேசுவேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அப்புறம் என்ன செய்வது? அங்கிள் இறங்கியதும் யாரைக் கூப்பிடுவார் என்று யோசித்தேன். பெண்ணைக் கூப்பிட முடியாது, மாப்பிள்ளை எடுக்க மாட்டார். கதவு திறக்கும் முன் அவர் கூப்பிடுகிற ஆள் ஒருவன்தான். அந்த ஆள் வழக்கமாக ஃபோனை டிராயரில் போட்டு மூடிவிடுவான்.

ஃபோனை மேசை நடுவில் வைத்து, இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்த கஸ்டமர்களை முதலாளியம்மா பார்த்துக்கொண்டார். நாலு இருபது ஆயிற்று. வரவில்லை. நாலு இருபத்தைந்து. மேற்கே போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று என்று அன்று அவர் எடுத்த அரை மணி நேரப் பாடம் முழுவதும் வரி வரியாக ஞாபகம் வந்தது. நாலு முப்பத்திரண்டுக்கு ஃபோன் அடித்தது.

"தம்பி, நாலு மணி இருபது நிமிஷம் ஆகும்னு சொன்னே. நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷம் ஆக்கிட்டான். ஹெட்விண்ட் கொஞ்சம்..."

"அங்கிள், உங்க கராஜ் கோட் என்ன?"

"கோடா? காலைல உன்கிட்ட சொன்னேனேப்பா. சுமதி பை கராஜ் ஷெல்ஃப்ல இருக்கு, அவ ஃபோன எடுக்கல, டியூட்டியில இருப்பா போலருக்கு, நீ பேசறப்ப சொல்லிடுன்னு. நாலு நம்பரும் சொன்னேன். எழுதிக்கிட்டேன் அங்கிள்னியே."

நான் பேடைப் பார்த்தேன். ஓரத்தில் நாலு இலக்கம் இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் இருந்தது. சுமதி முதல் முறை கூப்பிட்டபோது என் முழங்கைக்குக் கீழே இருந்தது. முதலாளியம்மா விரலை வைத்துக் காட்டியபோதும் இருந்தது. அவரை அனுப்பிய விமானத்தின் எண்ணை அப்போதுதான் ஸ்கிரீனில் பார்த்தேன். அது மூன்றே இலக்கம்.

சுமதியிடம் நாலு எண்ணையும் சொன்னேன். கராஜ் கதவு மேலே ஏறுகிற சத்தம் ஃபோனில் கேட்டது. ஓடுகிற காலடிச் சத்தம், கார்க் கதவு, அப்புறம் போய்ட்டு வர்றேங்ண்ணா என்ற குரல். ஹூஸ்டனில் மூன்று நாற்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவள் கணவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. செக்-இன் மூட ஏழு நிமிஷம் இருக்கும்போது கவுன்டருக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கோடைக் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்த விஷயத்தை அங்கிள் யாரிடமும் சொல்லவில்லை. சுமதியிடம் கூட. மறுநாள் பேரன் பிறந்த செய்தியோடு கூப்பிட்டவர், நான் ஒன்று இருபதில் செய்த குளறுபடியையும் கேட்டுக்கொண்டு எனக்கு ஒரே ஒரு வேலை வைத்தார். பிளசன்டனுக்கு ஒரு கடிகாரம் வாங்கி மாட்டு என்றார். மும்பைக் கடிகாரத்தைக் கழற்றி, எடிசனுக்கு மூன்று மணி நேரம் பின்னால் வைத்து மாட்டினேன். குஜராத்திக் கஸ்டமர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். குஜராத்தியான முதலாளியம்மா மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கோயம்புத்தூர் எண்ணிலிருந்து கடைக்கு ஃபோன் வந்தது. சுமதியின் அம்மா.

"ஏனுங், டிக்கெட் போட்டுக் குடுத்தவருங்களா? ரண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க சாமி. பையன் இன்னைக்கு வாசல் வரைக்கும் நடந்தான். பாஸ்போர்ட்டையே பரஸ்தானம் வெக்கச் சொன்னது நீங்கதான்னு புள்ள சொல்லுச்சு. அத வெச்சதாலதானுங்க எல்லாம் தடங்கலில்லாம முடிஞ்சுது. நீங்க நல்லா இருக்கோணும்."

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? நல்லதுங்கம்மா, ரொம்ப சந்தோஷம் என்றேன். எனக்குச் சேராத ஆசீர்வாதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றுவரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

அவர் வைத்த பிறகு பழைய தாள்களைத் தேடி சுமதியின் தாளை எடுத்தேன். 'ஃபேமிலி' என்று எழுதியதை அடித்துவிட்டு, தம்பிக்கு கிட்னி கொடுக்க என்று எழுதினேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

இனி நீங்கள் இருவரும் இந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள். மைல், மணி எல்லாம் ஃபோனே சொல்லிவிடும், என்னைவிடச் சரியாகவே சொல்லும். அங்கிளிடம் உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் பேரனைப் பார்க்கப் போகிறார். இறங்கியதும் கூப்பிடுவார், எடுங்கள். நிமிஷக் கணக்கைப் படித்து முடித்த பிறகும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எதையும் டைப் பண்ணாதீர்கள்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மஞ்சள் தாள் இருக்கும். ஓரத்தில் நாலு இலக்கம் எழுதியிருக்கும். அங்கிள் கோடை எப்போதோ மாற்றிவிட்டார், அதனால் அதை யார் பார்த்தாலும் பரவாயில்லை. மேசையைச் சுத்தம் பண்ணும்போது பழைய விமான எண் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.